மூவாயிரம் ரூபாய் பிளாஸ்க்: மிசாவா பனியிலும் ஏற்காட்டுக் குளிரிலும்

அரை லிட்டர் பிளாஸ்க். கரும்பச்சை நிறம், குறுகின வாய், உள்ளே திருகு அடைப்பான், அதற்கு மேல் டம்ளராகவும் பயன்படுகிற மூடி. அடியிலும் இடுப்பிலும் வழுக்காமல் இருக்க ரப்பர் வளையம். ஜப்பானில் மலையேறுகிறவர்களுக்கென்றே தனியாக விற்கிறார்கள். விலை ஐயாயிரம் யென்னுக்குக் கொஞ்சம் மேலே, நம் காசுக்கு ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய். வெந்நீரைச் சூடாக வைக்க மூவாயிரமா என்று சேலம் கடைவீதியில் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரி சிரிக்கவே இல்லை, நேராகச் சண்டைக்கே வந்துவிட்டாள்.

கம்பெனி பெயரை எழுதவில்லை. குறையும் சொல்லப் போகிறேன். தவிர, இந்த மாதிரிப் பிளாஸ்க்கை அங்கே நாலைந்து கம்பெனிகள் போடுகின்றன, அடிப்படை எல்லாம் ஒன்றுதான்.

நான் சேலம் இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1981-ல் அங்கே எவர்சில்வர் தகட்டை உருட்டி மெல்லிசாக்குகிற கோல்டு ரோலிங் மில் ஓட ஆரம்பித்த கொஞ்ச காலத்தில் உள்ளே போனேன். ஆகையால் எவர்சில்வர் சாமான் எதைப் பார்த்தாலும் முதலில் காந்தத்தைத் தேடுவேன். மாப்பிள்ளை அமெரிக்க விமானப் படையில் இருக்கிறார். ராசிபுரம் பக்கத்துப் பையன்தான். படிக்கப் போன இடத்தில் கிரீன் கார்டு வாங்கி, அப்புறம் படையில் சேர்ந்தார். விமானம் ஓட்டுகிறாரா என்று தெருவில் எல்லாரும் கேட்கிறார்கள். இல்லை, ஸ்டோர் பக்கம் வேலை. ஜப்பானின் வடக்கே அவோமோரி மாவட்டத்தில் மிசாவா என்ற ஊரில் இருக்கிறார்கள். மகளுக்கு இரண்டாவது பிரசவமான வருடம், குளிர்காலத்தில் ஒத்தாசைக்கு நாங்கள் போனோம்.

அங்கே ஒரே ஓடுபாதையை அமெரிக்க விமானப் படை, ஜப்பான் படை, டோக்கியோ போகிற பயணிகள் விமானம் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. எஃப்-16 கிளம்பினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். கைக்குழந்தை அசையாமல் தூங்கும், நாங்கள் இரண்டு பேர்தான் எழுந்து உட்காருவோம். மகள் வீடு படைத்தளத்துக்கு வெளியே, வாடகை வீடு. மண்ணெண்ணெய் ஹீட்டர், பாட்டுப் போட்டுக்கொண்டு லாரி வரும், எண்ணெய் ஊற்றிவிட்டுப் போகும். காரின் நம்பர் பலகையில் ஒய் என்ற எழுத்து இருக்கும். அதைப் பார்த்தாலே அமெரிக்கப் படைக்காரர் வண்டி என்று ஊருக்கே தெரியும்.

தளத்துக்குள் போக நாங்கள் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பாஸ் வாங்க வேண்டும், மாப்பிள்ளை கூடவே இருக்க வேண்டும். உள்ளே பெரிய கடை இருக்கிறது, டாலர் கணக்கு, வரி இல்லாத விலை. ஆனால் அடையாள அட்டை உள்ளவர்கள்தான் வாங்கலாம், வாங்கியதை வெளியாருக்குக் கைமாற்றிவிடவும் கூடாது. நம் ஊர் மிலிட்டரி கேன்டீனில் சொந்தக்காரனுக்கு நாலு பாட்டில் வாங்கிக் கொடுக்கிற கதையெல்லாம் அங்கே நடக்காது. "மாமா, உங்களுக்கு எது வேணும்னாலும் ஊருக்குள்ளதான் வாங்கணும்" என்று மாப்பிள்ளை முதல் நாளே சொல்லிவிட்டார். அப்படித்தான் ஊருக்குள் இருந்த ஒரு ஹோம் சென்டர் கடையில், ஆணி, பெயின்ட், பனி அள்ளுகிற மண்வெட்டிகளுக்கு நடுவே இந்தப் பிளாஸ்க் கிடைத்தது.

முதலில் காந்தம். உள்பக்கமும் உடம்பும் ஒட்டவே இல்லை. கழுத்துப் பக்கம் மட்டும் லேசாக இழுத்தது. கடைக்காரர் இதைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ. இது நல்ல லட்சணம். பதினெட்டு பங்கு குரோமியமும் எட்டு பங்கு நிக்கலும் போட்ட 304 ரகம் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் குளிர்ந்த நிலையிலேயே அதை அழுத்தி வளைத்தால், வளைத்த இடத்தில் மட்டும் உள்ளமைப்பு கொஞ்சம் மாறி, காந்தம் லேசாகப் பிடிக்கும். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் போட்ட 200 வரிசை மலிவுத் தகடும் காந்தத்தில் ஒட்டாதுதான், அதனால் காந்தத்தை மட்டும் நம்பி ஏமாறக் கூடாது. வெல்டு, வாய் விளிம்பு, உள்பக்கத்து மெருகு மூன்றையும் பாருங்கள். இதில் உள்ளே விரலை விட்டுத் தடவினால் ஒரு இடத்திலும் தட்டவில்லை.

வேலை செய்கிற விதம் சுலபம். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குடுவைகள், நடுவில் காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம். சூடு கடக்க அங்கே ஆள் இல்லை. கதிர்வீச்சாகக் கொஞ்சம் போவதைத் தவிர, மிச்சமிருக்கிற வழி கழுத்து, மூடி இரண்டும்தான். அதனால்தான் வாயைக் குறுக்கியிருக்கிறார்கள், கழுத்துத் தகட்டை மெல்லிசாக இழுத்திருக்கிறார்கள். எவர்சில்வர் சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி, அலுமினியத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அகல வாய் பிளாஸ்க் கழுவச் சுலபம், ஆனால் சூடு சீக்கிரம் போவதும் அந்த வாயால்தான். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது.

சூடு எவ்வளவு நேரம் நிற்கும் என்பதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. இதைச் சோதித்துப் பார்க்க எனக்கு வாய்ப்புக் கொடுத்தது, போகாமல் நின்றுபோன பயணங்கள். படைக்காரர் வீட்டில் சனிக்கிழமை என்பது நிச்சயம் இல்லாத கிழமை. விடிகாலை மகள் வெந்நீர் காய்ச்சிப் பிளாஸ்க்கை நிரப்புவாள், பேரனுக்கு மூன்றடுக்குச் சட்டை போட்டு முடிப்பாள், பனி பூட்ஸ் எல்லாம் வாசலில் வரிசையாக நிற்கும். அப்போது போன் அடிக்கும். பயிற்சி என்பார்கள், ஆள் குறைகிறது என்பார்கள். மாப்பிள்ளை சீருடையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மகள் ஒரு வார்த்தை பேச மாட்டாள்; பேரனின் சட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவாள். ஆறு வயதுப் பையன், "அப்புச்சி, நாளைக்குப் போலாமா?" என்று என்னிடம்தான் வருவான், அவளிடம் போக மாட்டான்.

பிளாஸ்க் செருப்பு அலமாரி மேலேயே இருக்கும். அப்படி ஒரு நாள் காலை ஆறு மணிக்கு ஊற்றிய கொதிநீரைச் சாயந்திரம் ஆறு மணிக்குத் திறந்து சமையல் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். அறுபதுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. ஊதிக் குடிக்கிற பதம். மாப்பிள்ளை ராத்திரி வந்து அதையே ஊற்றிக் குடித்துவிட்டு, "இன்னும் சூடாத்தான் இருக்குது மாமா" என்றார். ஒரு முக்கியமான விஷயம்: முதலில் கொஞ்சம் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, பிறகு நிரப்ப வேண்டும். குளிர்ந்த பிளாஸ்க்கில் நேரே ஊற்றினால் முதல் சூட்டை உலோகமே தின்றுவிடும்.

போன் வராத சனிக்கிழமைகளும் இருந்தன. அதில் ஒன்று ஹக்கோடா மலை. பசிபிக் கரையில் இருக்கிற மிசாவாவில் காற்றுதான் அதிகம், பனி அவ்வளவு இல்லை. மேற்கே போகப் போகச் சாலையின் இரண்டு பக்கமும் பனி சுவராக எழும்பிவிடும். சைபீரியாவிலிருந்து வரும் காற்று ஜப்பான் கடலின் ஈரத்தையெல்லாம் வாரிக்கொண்டு வந்து இந்த மலையில்தான் கொட்டுகிறது. ரோப் காரில் மேலே போனால் மரம் ஒன்றும் மரமாக இல்லை. ஈரக் காற்று இலையில் பட்டு உறைந்து, அதன் மேல் பனி ஒட்டி ஒட்டி, கம்பளி போர்த்திக்கொண்டு குந்தியிருக்கிற கிழவர்களாக நிற்கின்றன. பேரன் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தான். ஒன்றுக்கு என் பெயர்.

அங்கே நிற்கும்போது எனக்கு உறைத்த சங்கதி ஒன்று. ஹக்கோடாவின் உச்சி 1,585 மீட்டர். நம் ஏற்காட்டுச் சேர்வராயன் கோயில் இருக்கிற மேடு 1,620 மீட்டருக்கும் மேலே. நம்முடையதுதான் உயரம்! ஆனால் இங்கே காப்பியும் மிளகும் விளைகிறது, அங்கே மூச்சு விட்டால் மீசையில் பனி பிடிக்கிறது. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் பன்னிரண்டாவது டிகிரியில் இருக்கிறோம், அவர்கள் நாற்பதைத் தாண்டி.

பிளாஸ்க்கை அந்த மலை மேல் திறந்தபோது ஆவி பறந்தது. எங்கள் சாப்பாடு அவல். மெல்லிய அவலோடு வறுத்த வேர்க்கடலை, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய், உப்பு எல்லாம் தாளித்து ஆற வைத்து டப்பாவில் அடைத்து வந்திருந்தாள் வீட்டுக்காரி. வெந்நீரை அளவாக ஊற்றி மூடி ஐந்து நிமிடம் விட்டால் சுடச்சுட உப்புமா. பக்கத்தில் கப் நூடுல்ஸுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்த ஜப்பானியத் தம்பதி எங்கள் டப்பாவையே பார்த்தார்கள். ஒரு கரண்டி கொடுத்தோம். மிளகாயைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிட்டார்கள்.

அதே மலையில் 1902 ஜனவரியில் ஜப்பான் ராணுவத்தின் ஐந்தாவது காலாட்படையைச் சேர்ந்த 210 பேர் குளிர்காலப் பயிற்சி நடைக்குக் கிளம்பினார்கள். ரஷ்யாவோடு சண்டை வரலாம் என்ற நினைப்பு. பனிப்புயலில் வழி தவறி 199 பேர் செத்துப்போனார்கள். கொண்டுபோன சோறும் அரிசிப் பலகாரமும் கல்லாக உறைந்து, கடிக்க முடியவில்லை. அதே நாட்களில் ஹிரோசாகியிலிருந்து வேறு வழியாகக் கிளம்பிய ஒரு சின்னக் குழு, உள்ளூர்க்காரர்களை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளை இதைக் காரில் வரும்போது சொன்னார். அதற்குப் பிறகு பிளாஸ்க் விலையைப் பற்றி வீட்டுக்காரி வாய் திறக்கவில்லை.

பிளாஸ்க்கோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு சாமான் கைரோ. பிரித்து உதறினால் சூடாகிற சின்னப் பொட்டலம், சட்டைக்குள் ஒட்டிக்கொள்ளலாம். உள்ளே இரும்புத் தூள், உப்புத் தண்ணீர், கரித்தூள். காற்றுப் பட்டதும் இரும்பு துருப்பிடிக்கும், துருப்பிடிக்கும்போது சூடு வரும். அவ்வளவுதான். வேலை பார்த்த காலமெல்லாம் துருவோடு சண்டை போட்டவன் நான்; துருவைக் காசு கொடுத்து வாங்கி இடுப்பில் ஒட்டிக்கொண்டு திரிய வேண்டியதாகிவிட்டது. நேரே தோலில் ஒட்டாதீர்கள், சூடு தெரியாமலே புண்ணாக்கிவிடும்.

பனியில் சுற்றிவிட்டு வெந்நீர் ஊற்றுக் குளியலுக்குப் போவது அந்தப் பக்கத்து வழக்கம். வாசலிலேயே, பச்சை குத்தியவர்களுக்கு அனுமதி இல்லை என்று பலகை. ரவுடிக் கும்பல்காரர்கள் உடம்பெல்லாம் குத்திக்கொள்கிற ஊர் என்பதால் இப்படி. என் வீட்டுக்காரிக்கு முழங்கைக்குக் கீழே ஓமலூர்ச் சந்தையில் சின்ன வயதில் குத்திய புள்ளிக் கோலம் இருக்கிறது. கவுன்டரில் இருந்த பெண்மணி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தோல் நிறத்தில் ஒரு ஸ்டிக்கரை எடுத்து அவரே ஒட்டிவிட்டார். "என்னையும் ரவுடின்னு நெனச்சுப்போட்டாங்களா?" என்று வெளியே வந்தும் கேட்டுக்கொண்டிருந்தாள். குளித்து முடித்து அவர்கள் எல்லாம் ஜில்லென்ற பால் குடிக்கிறார்கள். இவள் பிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் குடித்தாள்.

ஊருக்குக் கிளம்பும்போது எங்களுக்கென்று புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தார் மாப்பிள்ளை. அடுத்த மார்கழியில் அவர்கள் லீவில் வந்தபோது, அதை எடுத்துக்கொண்டு ஏற்காடு போனோம். இருட்டோடு அடிவாரம் தாண்டி, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, லேடிஸ் சீட்டில் நின்று கீழே சேலத்து விளக்குகளைப் பார்த்தோம். குளிர் பன்னிரண்டு பதின்மூன்று டிகிரி இருக்கும். குல்லாவும் மஃப்ளரும் மாட்டிக்கொண்டு நடுங்கினவர்கள் சேலத்துக்காரர்கள் நாங்கள்தான். பேரன் அரைக்கை சட்டையோடு ஓடினான்.

உண்மையைச் சொன்னால் ஏற்காட்டில் இந்தப் பிளாஸ்க்குக்குப் பெரிய வேலை இல்லை. ஏரிப் பக்கம் விடியும் முன்பே டீக்கடை திறந்துவிடுகிறார்கள், பஜ்ஜியும் சூடாகக் கிடைக்கிறது. சேர்வராயன் கோயில் மேட்டில், காற்று முகத்தில் அடிக்கிற இடத்தில்தான் கொஞ்சம் உதவியது. ஒரு யோசனை: வெந்நீரைச் சேலத்திலேயே கொதிக்க வைத்து ஊற்றிக்கொண்டு போங்கள். ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் தொண்ணூற்றைந்து டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் சூடு ஏறாது.

இப்போது குறைகள். பால் ஊற்றக் கூடாது என்று கூடவே வந்த தாளில் படம் போட்டே சொல்லியிருக்கிறார்கள். நமக்கு இது பெரிய இடி. பால் கலந்த காப்பி மணிக்கணக்கில் உள்ளே நின்று சூடு இறங்க இறங்கக் கிருமி வளர்ந்து கெட்டுவிடும். அடைப்பானைத் திறந்தால் நாற்றம் தூக்கும். அதனால் ஏற்காட்டுக் கொட்டையில் இறக்கின டிகாஷனைச் சின்ன பாட்டிலிலும், சர்க்கரையும் பால் பவுடரும் தனிப் பொட்டலத்திலும், வெந்நீரைப் பிளாஸ்க்கிலும் கொண்டுபோகிறோம். காப்பி சுமார்தான். பால் பவுடர் காப்பியை என் வீட்டுக்காரி காப்பி என்றே சொல்வதில்லை.

ரசமும் கூடாது. உப்பு, புளி இரண்டும் சேர்ந்த பண்டம். எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பது மேலே படிந்திருக்கிற கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலத்தால். உப்பில் இருக்கிற குளோரைடு அந்தப் படலத்தை ஊசி முனை அளவில் துளைக்கும். சளி பிடித்த பேரனுக்காக அவன் அம்மாயி, அதாவது என் வீட்டுக்காரி, மிளகு ரசம் ஊற்றிக் கொடுத்தனுப்பினாள். இரண்டு மணி நேரத்தில் குடித்து முடித்துக் கழுவியதால் உலோகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடைப்பானில் இருக்கிற சிலிக்கோன் பேக்கிங் வளையம் பெருங்காய வாசனையைப் பிடித்துக்கொண்டது. சோடா உப்பில் ஊறப் போட்டோம், வெயிலில் வைத்தோம். வெந்நீர் குடிக்கிற ஒவ்வொருவருக்கும் கல்யாண வீட்டுப் பந்தி ஞாபகம் வருகிறது.

என் பெரிய மனத்தாங்கல் அந்தப் பேக்கிங்தான். குக்கர் கேஸ்கெட் எந்தக் கம்பெனி வேண்டுமானாலும் கடைவீதியில் கிடைக்கும். இதற்கு ஏறி இறங்காத கடை இல்லை. அளவெடுத்து வெட்டித் தருகிறேன் என்றார் ஒருவர். உள்ளே உதடு மாதிரி மடிப்பு இருக்கிற பேக்கிங்கை வெட்டி எடுக்க முடியாது. ஜப்பானில் அதைத் தனியாக உதிரி பாகமாகவே விற்கிறார்கள், விலையும் கொஞ்சம்தான். மூவாயிரம் ரூபாய் சாமான் ஒரு சின்ன வளையத்துக்காக அலமாரியில் உட்கார வேண்டியிருந்தது.

வயதானவர்களுக்கு இன்னொரு சங்கடம். சூடாக நிரப்பி இறுக்கி மூடிவிட்டால், ஆறும்போது உள்ளே காற்று சுருங்கி அடைப்பான் இறுகிக்கொள்கிறது. மணிக்கட்டு வலிக்காரர்கள் பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ரப்பர் கையுறை போட்டுத் திருகுங்கள்.

வாங்கலாமா? பனி ஊருக்குப் போகிறவர்கள், விடிகாலை மலையேறுகிறவர்கள், ஆஸ்பத்திரியில் ராத்திரி துணைக்கு இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அரை லிட்டரே போதும்; தொள்ளாயிரம் மில்லியும் இருக்கிறது, நிரம்பினால் தோள் வலிக்கும். ஏற்காட்டுக்கு ஒரு நாள் போய்விட்டு வர மட்டும் என்றால் வேண்டாம், அந்தப் பணத்தில் குடும்பத்தோடு தட்டுவடை செட்டும் டீயும் பல முறை சாப்பிடலாம். ஜப்பானிலிருந்து யாராவது வாங்கி வந்தால் கூடவே இரண்டு பேக்கிங் வாங்கிவரச் சொல்லுங்கள், பிளாஸ்க்கில் அச்சடித்திருக்கிற மாடல் எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பினால் கடையில் சரியாக எடுத்துக் கொடுப்பார்கள். சேலத்தில் போர் தண்ணீர் காய்ச்சி ஊற்றுகிறவர்களுக்கு உள்ளே வெள்ளையாக உப்புப் படியும். சிட்ரிக் ஆசிட் ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான நீரில் கலந்து, மூடாமல் இரண்டு மணி நேரம் விட்டுக் கழுவினால் போய்விடும். கம்பி நாரைப் போட்டுத் தேய்க்காதீர்கள்.